கடைமடைக்கும் நீர் தேடிய விசுவேசுவரய்யா

ஜூபிலி மலருக்குப் பெரியார் ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டனர். பாஞ்சாலங்குறிச்சி என்றதும் எவருக்கும் கட்டபொம்மன் நினைவுதான் வரும். அவர் கதையை நம் பங்குப் பிள்ளைகளே மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். ஆகவே நாம் வேறொருவரைத் தேர்ந்துகொண்டோம். மானாவாரியை நம்பி, ஐப்பசி பிறந்ததும் வானத்தை அண்ணாந்து பார்க்கும் நம்மைப் போன்றோர் அறிந்திருக்க வேண்டிய எஞ்சினீயர் அவர். பெயர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா.

மைசூர் சமஸ்தானத்தில், சிக்கபள்ளாபூரை அடுத்த முத்தனஹள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் வடமொழி கற்றவர், செல்வர் அல்லர். அவரும் மகனுடைய இளவயதிலேயே காலமானார். பெங்களூரில் ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே கல்லூரியில் பயின்று, 1881ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் மைசூர் அரசின் உதவித்தொகையால் பூனாவில் எஞ்சினீயரிங் படித்து முதலிடத்தில் தேறினார். 1884ல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவி எஞ்சினீயரானார்.

சிந்து நதிக்கரையிலுள்ள சுக்கூர் நகருக்குக் குடிநீர் கொடுக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஆற்றுநீரோ சேறும் கலங்கலுமாக இருந்தது. வடிகட்டும் தொட்டிகள் கட்ட நகராட்சியிடம் பணமில்லை. அவர் ஆற்றுப்படுகையிலேயே கிணறு தோண்டச் செய்தார். மணலே நீரை வடிகட்டிக் கொடுத்தது. வைப்பாற்று மணலில் ஊற்றுத் தோண்டி நீர் சுமந்த நம் தாய்மாருக்கு இந்த நுட்பத்தை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அவருடைய பணிகளில் நம் மனத்தை மிகவும் கவர்ந்தது, பலரும் பேசும் அணைகள் அல்ல. 1899ல் தக்காணத்துக் கால்வாய்களுக்கு அவர் வகுத்த பாசன முறையே. அந்த மண்ணும் நம்முடையதைப் போலக் கரிசல். தலைமடைக்காரர்கள் ஆண்டு முழுவதும் கரும்புக்கு நீரைப் பாய்ச்சிக்கொண்டிருந்தனர். அங்கே நிலம் ஊறி உவர் பூத்தது. கொசுவும் காய்ச்சலும் பெருகின. கடைமடையிலோ பயிர் கருகியது. விசுவேசுவரய்யா, நிலங்களைப் பகுதி பகுதியாக வகுத்து, ஒரு பகுதிக்கு மிகுந்த நீர் வேண்டும் பயிர், மற்றொன்றுக்கு ஓரளவு நீர் வேண்டும் பயிர், இன்னொன்றுக்குப் புஞ்சைப் பயிர் எனச் சுழற்சியாகப் பயிரிடும் முறையைக் கொண்டுவந்தார். இதனால் அதே நீர் இன்னும் பல ஊர்களுக்கு எட்டும். கண்மாய் மடையில் இரவெல்லாம் மண்வெட்டியோடு காவலிருந்து, பங்காளிகளோடு வாய்ச்சண்டை போட்டவர்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

1903ல் பூனாவுக்கு அருகிலுள்ள கடக்வாஸ்லா ஏரியில் தாமாகவே திறந்து மூடும் வெள்ளக் கதவுகளை அமைத்தார். 1908 செப்டம்பரில் மூசி ஆறு பெருகி ஹைதராபாத்தைச் சூறையாடியது. நகரைக் காக்கும் வழியைக் காண நிஜாம் அரசு இவரையே அழைத்தது. இன்று அங்குள்ள உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் நீர்த்தேக்கங்கள் அவருடைய யோசனையில் எழுந்தவை.

1909ல் மைசூரின் தலைமை எஞ்சினீயரானார். கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் தடையின்றிக் கிடைக்கவும், மண்டியா வட்டார வயல்கள் பாசனம் பெறவும் கண்ணம்பாடியில் காவிரிக்கு அணை கட்டும் வேலை 1911ல் தொடங்கியது. அந்தச் சுரங்கங்களில் உழைத்தவர்களில் மிகப் பலர் தமிழர் என்பதையும் இங்கே சொல்லிவைப்போம். தஞ்சை டெல்டாவை எண்ணிச் சென்னை அரசு தடுத்தது. முதற்கட்டமாக 80 அடிக்கே அனுமதி கிடைத்தது. ஆயினும் 124 அடிக்குத் தாங்கும்படி அடித்தளம் போடப்பட்டது. அதை அவருடைய தொலைநோக்கு என மைசூரார் புகழ்வர். தமிழர்களாகிய நமக்கு அது சற்று உறுத்தவே செய்கிறது. 1924ல் இரு அரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் பயனாக நம் மேட்டூர் அணையும் எழுந்து 1934ல் முடிவுற்றது.

பெங்களூரில் நாம் தத்துவ இயல் பயின்ற நாள்களில் ஒருமுறை கண்ணம்பாடிக்குச் சுற்றுலா சென்றோம். உடன் வந்தோர் வண்ண நீரூற்றுகளைக் கண்டு மகிழ்ந்தனர். அந்தத் தோட்டம் பின்னாளில் திவானான மிர்சா இஸ்மாயில் காலத்தது. நாமோ, சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த காரையால் எழுப்பிய அந்த நெடுஞ்சுவரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

1912ல் மகாராஜா அவரைத் திவானாக நியமித்தார். பதவியை ஏற்குமுன் அவர் உறவினரை விருந்துக்கு அழைத்து, தம்மிடம் எந்தச் சலுகையும் கேட்பதில்லை என்று அவர்களிடம் வாக்குப் பெற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள். 1913ல் மைசூர் வங்கியும் கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டமும், 1916ல் மைசூர்ப் பல்கலைக்கழகமும் வந்தன. சந்தன எண்ணெய் ஆலை, பத்ராவதி இரும்பாலை ஆகியவற்றுக்கும் அவரே வித்திட்டார்.

ஒரு காரியத்தில் மட்டும் நாம் அவரோடு ஒத்துப்போக இயலவில்லை. அரசுப் பதவிகள் பெரும்பாலும் பிராமணரிடமே இருந்ததால், பிற வகுப்பினருக்கு இடம் ஒதுக்குவது பற்றி ஆராய 1918ல் மகாராஜா நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் குழு அமைத்தார். தகுதி ஒன்றையே பார்க்க வேண்டும் என்று கருதிய விசுவேசுவரய்யா இதனை ஏற்காமல் பதவியைத் துறந்தார். பள்ளிகள் பெருகினால் காலப்போக்கில் எல்லாம் சரியாகும் என்பது அவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் கள்ளம் இருந்ததென நாம் சொல்லமாட்டோம். ஆனால் கடைமடைக்கு நீர் தானாகப் போய்ச் சேராது, பங்கிட்டு முறைவைத்தால்தான் சேரும் எனக் கால்வாயில் கண்டவர் அவரே. பதவிகளிலும் அதைக் காணாமற் போனாரே என்ற வருத்தம் நமக்குண்டு. நம் பங்கிலிருந்து படித்து உத்தியோகம் சென்ற பிள்ளைகளை எண்ணும்போது அந்த வருத்தம் இன்னும் கூடுகிறது.

பதவி போன பின்னும் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1923ல் பத்ராவதி ஆலையின் பொறுப்பை ஏற்று அதை நிலைநிறுத்தினார். அதற்காகத் தமக்குச் சேர வேண்டிய ஊதியத்தைக் கையில் வாங்காமல், இளைஞர்கள் கைத்தொழில் கற்கும் நிலையம் ஒன்றைப் பெங்களூரில் அமைக்கக் கொடுத்தார். அதற்குத் தம் பெயர் வேண்டாமென்று ஜெயசாமராஜேந்திர உடையாரின் பெயரை வைக்கச் செய்தார். 1955ல் பாரத ரத்னா விருது பெற்றார். நூறு வயதைக் கடந்து 1962 ஏப்ரலில் பெங்களூரில் உயிர் நீத்தார். அவர் விருப்பப்படி உடல் முத்தனஹள்ளிக்கே கொண்டுசெல்லப்பட்டது.