மண்ணின் பசி தீர்த்த மாமனிதர்

நாமக்கல், இராசிபுரம் பக்கத்துச் செம்மண் காடுகளில் நிலக்கடலைச் செடியைப் பிடுங்கினால், வேரில் சிறுசிறு முடிச்சுகளைக் காணலாம். அவை ஏதோ நோய் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அவை தரும் நன்மையை ஏழை உழவரிடம் கொண்டு சேர்த்த ஒருவரின் வரலாற்றை அறிவோமா?

ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1864-ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஓர் அடிமைத் தாய்க்குப் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே கொள்ளையர் தாயைக் கடத்திச் சென்றனர். கறுப்பினத்தவர் என்பதால் ஒரு கல்லூரி அவரைச் சேர்க்க மறுத்தது. அவர் மனம் தளரவில்லை. பிறர் துணிகளை வெளுத்துக் கொடுத்துப் பிழைத்தபடியே படித்து, 1896-இல் அயோவா வேளாண் கல்லூரியில் முதுநிலைப் பட்டம் பெற்றார்.

அவ்வாண்டே அலபாமாவின் டஸ்கிகீ நிறுவனத்தில் ஆசிரியரானார். அப்பகுதியில் ஆண்டுதோறும் பருத்தியே விதைத்து நிலம் சாரமற்றுக் கிடந்தது. உரம் வாங்க உழவரிடம் பணமில்லை. தட்டைப்பயறும் நிலக்கடலையும் மாற்றிப் பயிரிடுமாறு கார்வர் கூறினார். ஏனெனில் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்கு ஏற்றதாக்கித் தருகின்றன. செடி அவற்றுக்கு உணவளிக்கிறது. அந்த வேரும் தழையும் மண்ணில் மக்கினால் அடுத்த பயிருக்கும் ஊட்டம் கிடைக்கும்.

1906 முதல் அவரது நடமாடும் வேளாண் வண்டி கிராமங்களுக்குச் சென்றது. விளைந்த கடலையை உண்ண 105 வழிகளை 1916-இல் வெளியிட்டார். தம் சேமிப்பை ஆராய்ச்சிக்கே அளித்துவிட்டு, 5-1-1943 அன்று இறைவனடி சேர்ந்தார்.

இப்போது நாங்கள் அம்முடிச்சை நகத்தால் கீறிப் பார்க்கிறோம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது நன்கு உழைக்கிறது என்று பொருள். கல்வி மறுக்கப்பட்டவரே மண்ணுக்கும் மக்களுக்கும் ஊட்டம் தந்தார். தோழியரே, யாரையும் எளியவர் என்று ஒதுக்காதிருப்போம்!