கதையுலகம் படைத்த கல்கி

பினாங்குத் தீவின் ஜோர்ஜ்டவுன் கடற்கரையில் நின்று வடக்கு நோக்கிப் பார்த்தால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் கடலுக்கு அப்பால் நீல நிறத்தில் ஒரு மலை தெரியும். அது கெடா மாநிலத்தின் ஜெராய் மலை. 1,200 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடைய அம்மலை, பழங்காலத்தில் வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்குக் கரையைக் காட்டும் அடையாளமாக விளங்கியது. அதன் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு உள்ளது. அங்கே பழைய வழிபாட்டு இடங்களின் அடித்தளங்களையும் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களையும் ஆய்வாளர்கள் அகழ்ந்தெடுத்துள்ளனர். தமிழ்க் கல்வெட்டுகளும் இலக்கியங்களும் கூறும் கடாரம் இந்தக் கெடாவே என்பது வரலாற்று அறிஞர் பலரின் கருத்து.

கல்வெட்டிலும் செப்பேட்டிலும் அடங்கிக் கிடந்த அந்தப் பழைய உலகை, கதை படிக்கும் எளிய மக்களின் இல்லங்களுக்குக் கொண்டு சேர்த்தவர் ஒருவர் உண்டு. கல்கி என்னும் புனைபெயரால் புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தியே அவர். அவர் எழுதிய 'பொன்னியின் செல்வன்' நிறைவுற்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், அக்கதையின் மாந்தரைப் பற்றி இன்றும் வாசகர்கள் உறவினரைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுகிறார்கள்.

கல்கி 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் இராமசாமி ஐயர் கிராமக் கணக்கராக இருந்தார், தாயார் தையல்நாயகி. பெரிய செல்வம் இல்லாத குடும்பம். ஆனால், ஊரைச் சுற்றிக் காவிரியின் வளம் இருந்தது. ஆடி மாதத்தில் ஆற்றில் புதுவெள்ளம் வரும், கால்வாய்கள் நிரம்பும், வயல்கள் உயிர் பெறும். காவிரியின் மற்றொரு பெயரே பொன்னி. பிற்காலத்தில் தம் பெருங்கதையை ஆடித் திங்கள் பதினெட்டாம் நாளில், வீராணம் ஏரியில் வெள்ளம் அலைமோதும் காட்சியோடு அவர் தொடங்கியதற்கு, இளமையில் கண்ட இந்த நீர்வளமே அடிப்படை எனலாம்.

கிராமப் பள்ளியில் தொடக்கக் கல்வி பெற்ற அவர், பின்னர் மாயவரத்திலும் திருச்சிராப்பள்ளியிலும் உயர்நிலைக் கல்வி பயின்றார். 1921ஆம் ஆண்டு வந்தது. பள்ளி இறுதித் தேர்வுக்கு இன்னும் சிறிது காலமே இருந்தது. அத்தேர்வில் வெற்றி பெற்றால் அரசாங்க வேலை கிடைக்கும். குடும்பத்தின் வறுமை தீரும். அந்நேரத்தில்தான் அரசாங்கப் பள்ளிகளையும் பணிகளையும் துறக்குமாறு காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தின் வழி நாட்டு மக்களை அழைத்தார். இருபத்திரண்டு வயதை எட்டிக்கொண்டிருந்த கிருஷ்ணமூர்த்தி தேர்வு எழுதாமலேயே பள்ளியை விட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டே அவருக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. சான்றிதழ் இல்லாத இளைஞராக, சிறை சென்றவர் என்ற பெயரோடு அவர் வெளியே வந்தார்.

அவரிடம் எஞ்சியிருந்தது எழுத்தாற்றல் மட்டுமே. 1923ஆம் ஆண்டு, திரு. வி. கலியாணசுந்தரனார் நடத்திய 'நவசக்தி' இதழில் துணையாசிரியராகச் சேர்ந்தார். செய்தியைத் தெளிவாகவும் சுவையாகவும் எழுதும் பயிற்சி அவருக்கு அங்கே வாய்த்தது. பின்னர், இராசாசி நடத்திய திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் தங்கி, மதுவிலக்குப் பிரசாரத்திற்காக வெளிவந்த 'விமோசனம்' இதழுக்குத் துணை புரிந்தார். குடியால் சீரழியும் ஏழைக் குடும்பங்களின் துன்பத்தை அறிவுரையாகச் சொல்வதைவிடக் கதையாகச் சொன்னால் மக்கள் மனத்தில் தைக்கும் என்பதை அப்பணி அவருக்கு உணர்த்தியது.

'ஆனந்த விகடன்' இதழில் எழுதியபோதுதான் கல்கி என்ற பெயர் தமிழ்நாடு முழுவதும் பரவியது. அவருடைய நகைச்சுவைக் கட்டுரைகளைப் படித்து மக்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். 'கர்நாடகம்' என்னும் வேறொரு பெயரில் அவர் எழுதிய இசை விமர்சனங்களுக்குப் பெரிய வித்துவான்களும் அஞ்சினர். மேடைகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்று வாதாடிய தமிழிசை இயக்கத்திற்கும் அவர் எழுத்து வலிமை சேர்த்தது. 'கள்வனின் காதலி', 'தியாகபூமி' ஆகிய தொடர்கதைகள் அவருக்குப் பெரும் வாசகர் கூட்டத்தைத் தேடித் தந்தன. திரைப்படமாகவும் வெளிவந்த 'தியாகபூமி'யை ஆங்கிலேய அரசு தடை செய்தது.

1941ஆம் ஆண்டு அவர் வாழ்வில் மீண்டும் ஒரு திருப்பம் ஏற்பட்டது. புகழும் ஊதியமும் தந்த வேலையை விட்டு விலகி, விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். மூன்று மாதம் கழித்து வெளிவந்தபோது அவருக்கு வேலை இல்லை. மனைவியும் இரு குழந்தைகளும் இருந்தனர். நண்பர் சதாசிவத்துடன் சேர்ந்து சொந்தமாக ஓர் இதழ் தொடங்குவது என்று முடிவு செய்தார். முதலீட்டுக்குப் பணம் வேண்டுமே! சதாசிவத்தின் துணைவியாரான பாடகி எம். எஸ். சுப்புலட்சுமி, 'சாவித்திரி' என்னும் திரைப்படத்தில் நாரதராக ஆண் வேடமேற்று நடித்துப் பெற்ற பணம் அதற்கு உதவியது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 'கல்கி' வார இதழ் பிறந்தது.

அந்த இதழில்தான் கல்கி தம் வரலாற்றுக் கதைகளை எழுதத் தொடங்கினார். 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்' ஆகிய இரண்டும் பல்லவர் காலத்தைக் கண்முன் நிறுத்தின. நாடு விடுதலை பெற்ற பிறகு, 1950ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், 'பொன்னியின் செல்வன்' தொடங்கியது. 1954ஆம் ஆண்டு மே மாதம் வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள், அது வாரந்தோறும் வெளிவந்தது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம் என்னும் ஐந்து பாகங்களாக அது நிறைவுற்றது.

தொடர்கதை எழுதுவது எளிய செயலன்று. ஒரு வாரம் அச்சாகி வெளியானதை மறுவாரம் மாற்ற முடியாது. இன்று கடலில் விழுந்தவனை நாளை கரையேற்றியே ஆக வேண்டும். இன்று மறைத்த மருமத்தை என்றேனும் ஒருநாள் அவிழ்க்கத்தான் வேண்டும். பல பாத்திரங்கள், பல ஊர்கள், பல சதிகள் ஆகியவற்றையெல்லாம் கல்கி ஒரே நேரத்தில் நினைவில் சுமந்து எழுதினார். இதழின் ஆசிரியர் பணியும் அவருக்கே இருந்தது. உடல்நலமும் வரவரக் குன்றியது. ஆயினும் கதை தொடர்ந்தது.

அக்கதைக்கு அவர் வரலாற்றையே அடித்தளமாகக் கொண்டார். நீலகண்ட சாஸ்திரியார், சதாசிவ பண்டாரத்தார் ஆகிய அறிஞர்கள் சோழர் பற்றி எழுதிய நூல்களை ஆழ்ந்து கற்றார். காட்டுமன்னார்கோயிலுக்கு அருகிலுள்ள உடையார்குடிக் கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று இரவிதாசன் முதலிய சிலரின் பெயர்களை அது குறிப்பிடுகிறது. கொலை ஏன் நடந்தது, யார் தூண்டினார்கள் என்ற விவரங்கள் அதில் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வல்லவரையர் வந்தியத்தேவன் என்னும் பெயர், இராசராசனின் தமக்கையான குந்தவையின் கணவர் என்ற அளவில் வருகிறது. கல்லில் இருந்த அந்த ஒரு பெயரைக் கொண்டுதான், குதிரைமேல் வரும் குறும்பும் வீரமும் நிறைந்த இளைஞனை அவர் படைத்தார். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் ஆகியோரோ முழுவதும் அவருடைய கற்பனையில் பிறந்தவர்கள்.

இவ்வுலகுக்கு உருவம் கொடுத்தவர் ஓவியர் மணியம். கல்கி அவரைச் சோழநாட்டு ஊர்களுக்கும் இலங்கைக்கும் அழைத்துச் சென்றார். பழங்காலச் சிற்பங்களில் காணும் கொண்டை, அணிகலன், ஆடை, ஆயுதம் ஆகியவற்றை நேரில் கண்டு மணியம் வரைந்தார். அதனால், குந்தவையின் நிமிர்ந்த தோற்றமும் நந்தினியின் சாய்ந்த கொண்டையும் வாசகர் மனத்தில் அழியாமல் பதிந்தன. பின்னர் வேறு ஓவியர்கள் அதே கதைக்குப் படம் வரைந்தபோது, வாசகர்கள் அவற்றை மணியத்தின் ஓவியங்களோடு ஒப்பிட்டே பார்த்தார்கள்.

அந்நாளில் 'ரஜூலா' போன்ற கப்பல்கள் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குத் துறைமுகத்திற்கு வந்தன. பயணிகளோடு தமிழ் இதழ்களும் கடல் கடந்து மலாயாவுக்கு வந்து சேர்ந்தன. அக்கதையில் நாகப்பட்டினம் பற்றிய பகுதி இங்குள்ள வாசகர்களுக்குத் தனிச் சிறப்புடையது. நோயுற்ற இளவரசன் அருள்மொழிவர்மன், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியில் மறைந்து தங்குகிறான். அந்த விகாரம் வரலாற்றில் உண்மையாகவே இருந்தது. அதைக் கட்டுவித்தவர் கடாரத்தையும் ஸ்ரீவிசயத்தையும் ஆண்ட மன்னர். இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைத் தானமாக அளித்தான். இச்செய்திகளைக் கூறும் செப்பேடு, ஐரோப்பாவின் லைடன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டதால் லைடன் செப்பேடு எனப் பெயர் பெற்றது.

இங்கே ஒரு வேறுபாடும் உண்டு. செப்பேட்டின்படி, விகாரம் எழுந்தது இராசராசன் அரசனான பிறகு. கதையிலோ அவன் இளவரசனாக இருந்த காலத்திலேயே விகாரம் இருக்கிறது. இத்தகைய இடங்களைத் தேடிக் கண்டுபிடித்து விவாதிப்பது கல்கியின் வாசகர்களுக்கு இன்றும் இன்பமான பொழுதுபோக்கு. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்ற கேள்வியைக் கதையின் முடிவிலும் கல்கி ஐயத்துக்கு இடமாகவே விட்டார். அதனால் ஆளுக்கு ஒரு விடை கூறுகிறார்கள், கல்வெட்டுகளைப் படிக்கிறார்கள், குழுவாகச் சேர்ந்து உடையார்குடிக்கும் வீராணம் ஏரிக்கும் கோடிக்கரைக்கும் பயணம் போகிறார்கள். கதை, அவர்களை வரலாற்றின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. கற்பனையையே வரலாறு என்று நம்பிவிடுவோரும் உண்டு. கதை எது, கல்வெட்டு எது என்று பிரித்தறிவது வாசகரின் கடமை.

கதை நிறைவுற்றபோது வாசகர் பலருக்கு மனம் நிறையவில்லை. இன்னார் பின்னர் என்ன ஆனார், இவருக்குத் திருமணம் நடந்ததா என்றெல்லாம் கேட்டார்கள். அவர்களின் ஏக்கத்தை மதித்த கல்கி, மாந்தர் சிலரின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாக விளக்கி ஒரு முடிவுரை எழுதினார். தாம் ஏன் கதையை அங்கே நிறுத்தினார் என்பதையும் அதில் எடுத்துரைத்தார். வாசகரைத் தம்மோடு அமர்ந்து உரையாடும் நண்பராகவே அவர் என்றும் எண்ணினார்.

அந்த முடிவுரைக்குப் பின் அவர் நெடுநாள் வாழவில்லை. 1954ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள், தமது 55ஆம் வயதில் கல்கி காலமானார். அவர் எழுதிக்கொண்டிருந்த 'அமரதாரா' என்னும் கதை பாதியில் நின்றது. அவருடைய மகள் ஆனந்தி, தந்தையின் குறிப்புகளைக் கொண்டு அதனை எழுதி முடித்தார். 1956ஆம் ஆண்டு, கல்கியின் 'அலை ஓசை' நாவலுக்குச் சாகித்திய அகாதமி விருது வழங்கப்பட்டது. தம் படைப்புகளுள் நிலைத்து நிற்கத் தகுந்தது அதுவே என்று அவர் கருதியிருந்தார். வாசகர்களோ 'பொன்னியின் செல்வ'னைத் தங்கள் நெஞ்சில் நிலைநிறுத்தினர். அது மேடை நாடகமாகவும் சித்திரக்கதையாகவும் மறுபிறவி எடுத்தது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரு பாகத் திரைப்படமாக உலகெங்கும் வெளிவந்தது.

சோழர்க்கும் கடாரத்திற்கும் இருந்த உறவு கல்கியின் கதையோடு முடிந்துவிடவில்லை. விகாரத்துக்கு ஊரைத் தானம் அளித்த இராசராசனின் மகன் இராசேந்திரன், ஏறத்தாழ 1025ஆம் ஆண்டில் கடற்படையை அனுப்பிக் கடாரத்தைத் தாக்கினான். தந்தை காலத்தில் நண்பராக இருந்தோர் மகன் காலத்தில் பகைவராயினர். வெற்றி பெற்ற சோழர் அச்செய்தியைக் கல்லில் பொறித்தனர். தாக்கப்பட்ட ஊரின் கதையோ பூஜாங் பள்ளத்தாக்கின் மண்ணுக்குள் கிடக்கிறது. அகழாய்வாளர்கள் அதைச் சிறிது சிறிதாக வெளிக்கொணர்கின்றனர்.

பள்ளி இறுதித் தேர்வை எழுதாத ஓர் இளைஞர், பிற்காலத்தில் இலட்சக்கணக்கானோரை வரலாறு படிக்கத் தூண்டினார். கல்வெட்டில் ஒரு வரியாக இருந்த பெயருக்கு அவர் உயிர் கொடுத்தார். பினாங்குக் கடற்கரையிலிருந்து தெரியும் ஜெராய் மலையின் அடிவாரத்திலும் அத்தகைய பெயர்கள் பல இருந்திருக்கும். அவற்றின் கதையை எழுதும் பணி, இம்மண்ணில் பிறந்து தமிழ் பயிலும் இளைஞர்களுக்காகக் காத்திருக்கிறது.