இருங்காட்டுக்கோட்டை தொழிலாளியின் கைக்கு வேலை பழகுவது எப்படி? மூளையின் ஆழத்தைத் தொட்ட சீர்காழி டாக்டர் ராமமூர்த்தியின் கதை

காலை ஷிப்ட். இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் முதல் வாரம் ஒவ்வொரு போல்ட்டையும் பார்த்துப் பார்த்து முடுக்குகிறான். எது முதலில், எது அடுத்து என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே செய்கிறான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அதே பையன் பக்கத்தில் நிற்பவரோடு பேசிக்கொண்டே அதே வேலையை முடித்துவிடுகிறான்.

கைக்குப் பழகிவிட்டது என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுவோம். உண்மையில் பழகியது மூளைதான். அதிலும் முக்கியமாக, மூளையின் ஆழத்தில் இருக்கும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதி. இந்தப் பகுதிக்கு வரவேண்டிய ரசாயனம் குறைந்துபோனால், முப்பது வருஷம் மெஷின் ஓட்டியவரால்கூட சட்டை பட்டனை ஒழுங்காகப் போட முடியாது. அதைத்தான் பார்க்கின்சன் நோய் என்கிறோம்.

இன்று இப்படி ஒருவருக்குக் கை நடுங்கினால், பூந்தமல்லி வழியாக சென்னைக்கு பஸ் பிடித்து, சென்ட்ரல் எதிரே இருக்கும் அரசு பொது மருத்துவமனைக்குப் போய்விடலாம். ஆனால் 1950-க்கு முன்பு அங்கே மூளை அறுவை சிகிச்சைக்கென்று தனித் துறையே கிடையாது. அதைத் தொடங்கியவர், சீர்காழியில் பிறந்த டாக்டர் பி.ராமமூர்த்தி. யார் இவர்? மூளையின் ஆழத்துக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

சீர்காழி டு நியூகாசில்

பாலசுப்பிரமணியம் ராமமூர்த்தி பிறந்தது 1922 ஜனவரி 30-ம் தேதி. அப்பாவும் அரசு மருத்துவர்தான். பள்ளிப் படிப்பு திருச்சியில், மருத்துவப் படிப்பு சென்னை மருத்துவக் கல்லூரியில். 1947-ல், நாடு சுதந்திரம் பெற்ற அதே ஆண்டு, எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்றார்.

பொது அறுவை சிகிச்சை நிபுணராகவே அவர் ஊர் திரும்பியிருக்கலாம். ஆனால் அவர் தேர்ந்தெடுத்தது, அன்றைக்கு இந்தியாவில் யாருமே அதிகம் தொடாத மூளையை. இங்கிலாந்தின் நியூகாசிலில் ரோபாதம் என்ற நிபுணரிடம் பயிற்சி பெற்றார். கனடாவின் மான்ட்ரியலில், நோயாளி விழித்திருக்கும்போதே மூளையைத் தொட்டு எந்தப் பகுதிக்கு என்ன வேலை என்று வரைபடம் போட்ட வைல்டர் பென்ஃபீல்டிடமும் சில காலம் இருந்தார்.

1950: ஜி.எச்.-ல் புதிய துறை

1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, 1950 அக்டோபரில், சென்னை ஜி.எச்.-ல் ராமமூர்த்தி தொடங்கினார். நாடு முழுக்க இந்தத் துறையில் பயிற்சி பெற்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்ற காலம் அது.

1951-ல் ஜேக்கப் சாண்டி, ராமமூர்த்தி, எஸ்.டி.நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகிய நான்கு பேர் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை உருவாக்கினார்கள். அது தொடங்கியதும் சென்னையில்தான்.

ஜி.எச்.-க்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள். தலையில் அடிபட்டவர்கள், மூளையில் கட்டி உள்ளவர்கள், காசநோயால் மூளைக்குள் கட்டி வந்தவர்கள். வெளிநாட்டுப் புத்தகங்களில் அதிகம் இல்லாத இந்தக் காசநோய்க் கட்டிகளைப் பற்றி ராமமூர்த்தி எழுதிய ஆய்வுகள் மற்ற நாட்டு மருத்துவர்களுக்கும் பயன்பட்டன. இன்னொரு பக்கம், கை கால் நடுங்கி, உடல் இறுகி, சாப்பிடக்கூட இன்னொருவர் உதவி தேவைப்பட்ட பார்க்கின்சன் நோயாளிகள். அவர்களுக்குக் கொடுக்க அன்று நல்ல மருந்தே இல்லை.

சரி, ஸ்ட்ரையேட்டம் என்றால் என்ன?

மூளையை வெட்டிப் பார்த்தால் ஆழத்தில் ஒரு பகுதி வெள்ளையும் சாம்பலுமாகக் கோடு கோடாகத் தெரியும். 1664-ல் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் வெளியிட்ட மூளை பற்றிய நூலில் இந்தக் கோடுகளை விவரித்தார். ஸ்ட்ரையேட்டம் என்றால் லத்தீனில் வரி போட்டது என்று அர்த்தம். இடது, வலது என மூளையின் இரண்டு பக்கமும் இது உண்டு.

காரை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். மூளையின் மேற்பரப்பு, கையைத் தூக்கு, காலை எடுத்து வை என்று பல திட்டங்களைப் போட்டுக்கொண்டே இருக்கும். ஸ்ட்ரையேட்டத்தில் இரண்டு வகைப் பாதைகள் இருக்கின்றன. ஒன்று ஆக்சிலரேட்டர் மாதிரி, தேவையான அசைவை விடும். இன்னொன்று பிரேக் மாதிரி, தேவையில்லாததை நிறுத்தும். இரண்டும் சரியாக இருந்தால்தான் அசைவு சீராக இருக்கும்.

இந்த இரண்டையும் சரிபார்த்து வைப்பது டோபமைன் என்ற ரசாயனம். நடுமூளையில் கருநிறமாக இருக்கும் ஒரு சின்னப் பகுதியிலிருந்து இது ஸ்ட்ரையேட்டத்துக்கு வருகிறது. டோபமைன் ஏறினால் ஆக்சிலரேட்டர் பாதைக்குத் தெம்பு, பிரேக் பாதைக்குத் தளர்வு.

வேலை பழகுவதும் இதே டோபமைனால்தான். ஒரு செயல் எதிர்பார்த்ததைவிட நன்றாக அமைந்தால் டோபமைன் சட்டென்று கூடும். அந்தச் செயலுக்கான இணைப்புகள் ஸ்ட்ரையேட்டத்தில் பலமாகும். மறுபடி மறுபடி செய்யும்போது, யோசித்துச் செய்த வேலை யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாறும். பைக் ஓட்டுவது, டைப் அடிப்பது எல்லாமே இப்படித்தான். குடி, புகை போன்ற பழக்கங்கள் விடாமல் பிடித்துக்கொள்வதிலும் இதே அமைப்புக்குப் பங்கு உண்டு.

டோபமைன் தரும் செல்கள் மெல்ல மெல்ல அழிவதுதான் பார்க்கின்சன். பாதிக்கும் மேல் அழிந்த பிறகுதான் நடுக்கம் வெளியே தெரியும். பிரேக் பிடித்தபடியே வண்டி ஓட்டுவது போல, உடல் மெதுவாகிவிடும். ஹன்டிங்டன் என்ற பரம்பரை நோயில் இதற்கு நேர் எதிர். அங்கே ஸ்ட்ரையேட்டத்தின் செல்களே அழிகின்றன. முதலில் பிரேக் போய்விடுவதால், கை கால்கள் ஆடுவது போல தானாக அசைய ஆரம்பிக்கும்.

ஸ்கேன் இல்லாத காலத்தில் மில்லிமீட்டர் கணக்கு

ஸ்ட்ரையேட்டம் தவறான சிக்னல் அனுப்பினால் என்ன செய்வது? அந்த சிக்னல் போகும் வழியில், அடுத்தடுத்த நிறுத்தங்களான பாலிடம், தலாமஸ் ஆகிய இடங்களில் ஒரு சின்னப் புள்ளியை அழித்துவிட்டால் நடுக்கம் நிற்கும் என்பதை 1950-களில் மருத்துவர்கள் கண்டார்கள். இதில் ஒரு பகுதி தற்செயல். 1952-ல் அமெரிக்காவில் இர்விங் கூப்பர் என்ற நிபுணர் ஒரு பார்க்கின்சன் நோயாளிக்கு அறுவை சிகிச்சை செய்தபோது ஒரு ரத்தக்குழாய் எதிர்பாராமல் சேதமானது. அதைக் கட்டிவிட்டு சிகிச்சையை நிறுத்தினார். கண் விழித்த நோயாளிக்கு நடுக்கம் இல்லை.

ஆனால் ஆழத்தில் இருக்கும் அந்தப் புள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது? சி.டி. ஸ்கேன் 1970-களில்தான் வந்தது. அதற்கு முன் இருந்த வழி ஸ்டீரியோடாக்டிக் முறை. நோயாளியின் தலையில் ஒரு உலோகச் சட்டத்தைப் பொருத்துவார்கள். மூளைக்குள் இருக்கும் நீர் அறைகளில் காற்றையோ சாயத்தையோ செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்தப் படத்தை வைத்து, எத்தனை மில்லிமீட்டர் உள்ளே, எத்தனை மில்லிமீட்டர் பக்கவாட்டில் என்று கணக்குப் போட்டு மெல்லிய ஊசி போன்ற கருவியை இறக்குவார்கள்.

பெரும்பாலும் நோயாளி விழித்தே இருப்பார். மூளைக்கு வலி தெரியாது. கையை நீட்டச் சொல்வார்கள், விரலை மடக்கச் சொல்வார்கள். நடுக்கம் நின்றால் சரியான இடம். பேச்சு குழறினாலோ கை தளர்ந்தாலோ உடனே நிறுத்த வேண்டும். சில மில்லிமீட்டர் தவறினால் பக்கவாதம் வரலாம். அழித்ததைத் திரும்பக் கொண்டுவரவும் முடியாது.

இந்த முறையை 1960-களில் சென்னை ஜி.எச்.-ல் ராமமூர்த்தியின் குழு செய்தது. வி.பாலசுப்பிரமணியம், எஸ்.கல்யாணராமன், டி.எஸ்.கனகா ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். கனகா, ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர்களில் ஒருவர். பணக்கார நாடுகளின் பெரிய மையங்களில் நடந்த சிகிச்சை, சென்னையில் ஓர் அரசு மருத்துவமனை வார்டில் படுத்திருந்தவருக்கும் கிடைத்தது.

விவாதமும் உண்டு

இதே கருவியை இந்தக் குழு இன்னொரு வேலைக்கும் பயன்படுத்தியது. அடக்க முடியாத ஆவேசம், வன்முறை கொண்டவர்களுக்கு மூளையின் அமிக்டலா என்ற பகுதியில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அதன் முடிவுகளை உலக இதழ்களிலும் வெளியிட்டார்கள்.

நடுக்கத்துக்குச் செய்வது வேறு, நடத்தைக்குச் செய்வது வேறு இல்லையா? சம்மதம் சொல்ல முடியாத ஒருவரின் மூளையில் நிரந்தர மாற்றம் செய்யலாமா என்ற கேள்வி 1970-களில் உலகம் முழுக்க எழுந்தது. இப்படிப்பட்ட அறுவை சிகிச்சைகள் பிறகு மிகவும் குறைந்துவிட்டன. ராமமூர்த்தியின் காலத்தைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

மாத்திரை வந்தது, கத்தி பின்வாங்கியது

1950-களின் இறுதியில் ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பைன் கொடுத்தார். நம் ஊர் சர்ப்பகந்திச் செடியிலிருந்து கிடைக்கும் மருந்து அது. முயல்கள் அசையாமல் கிடந்தன. லெவோடோபா கொடுத்ததும் எழுந்து ஓடின. டோபமைன்தான் விஷயம் என்று புரிந்தது. இந்த ஆராய்ச்சிக்காக 2000-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1967-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் கோட்சியாஸ், டோபா மருந்தை அதிக அளவில் வாய்வழியாகக் கொடுத்துப் பார்க்கின்சன் நோயாளிகளை நடக்க வைத்தார்.

இதில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1937-லேயே சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம்.தாமோதரன், ஆர்.ராமசாமி இருவரும் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்திருந்தார்கள். அது பார்க்கின்சனுக்கு மருந்தாகும் என்று அன்று யாருக்கும் தெரியாது.

மாத்திரை வந்ததும் நடுக்கத்துக்கான அறுவை சிகிச்சை உலகம் முழுக்கக் குறைந்தது. ஆனால் சில வருடங்கள் மாத்திரை சாப்பிட்டதும் அதன் பலன் ஏறி இறங்க ஆரம்பிக்கிறது, உடல் தானாக ஆடுகிறது என்பதும் தெரிந்தது. 1987-ல் பிரான்சில் அலிம் லூயி பெனாபிட், புள்ளியை அழிக்காமல் அங்கே மின்முனை வைத்து மின்சாரம் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதுதான் இன்றைய டி.பி.எஸ். சிகிச்சை. சரியான இடத்தைக் கண்டுபிடிக்க இதற்கும் அதே ஸ்டீரியோடாக்டிக் கணக்குதான் அடிப்படை. ராமமூர்த்தியின் குழுவில் வளர்ந்த கனகா, மூளைக்குள் மின்முனை பொருத்துவதில் இந்தியாவின் முன்னோடிகளில் ஒருவர்.

கடைசி வரை

ராமமூர்த்திக்கு 1973-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. சென்னையில் நரம்பியல் நிலையத்தை உருவாக்கினார். அரசுப் பணிக்குப் பிறகும் ஓயவில்லை. டாக்டர் கே.எஸ்.சஞ்சீவி தொடங்கிய அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனையில் டாக்டர் ஏ.லட்சுமிபதி நரம்பியல் அறுவை சிகிச்சை மையத்தை அமைத்தார். டெல்லி டாக்டர் பி.என்.டாண்டனுடன் சேர்ந்து அவர் தொகுத்த பாடநூலை இந்தியாவில் நரம்பியல் அறுவை சிகிச்சை படிக்கும் மாணவர்கள் நன்கு அறிவார்கள். யோகா, தியானம், உணர்வுநிலை பற்றியும் ஆர்வத்தோடு பேசினார், எழுதினார். தன் வாழ்க்கைக் கதைக்கு அவர் வைத்த பெயர் அப்ஹில் ஆல் தி வே. வழி முழுக்க ஏற்றம்தான் என்று பொருள். 2003 டிசம்பர் 13-ம் தேதி, 81 வயதில் மறைந்தார்.

நீங்கள் கவனிக்க வேண்டியது என்ன?

சும்மா வைத்திருக்கும்போது ஒரு கை மட்டும் நடுங்குவது, நடக்கும்போது ஒரு கை வீசாமல் இருப்பது, கையெழுத்து சிறுத்துக்கொண்டே போவது, வாசனை தெரியாமல் போவது, பழகிய வேலையே மெதுவாவது. இவை இருந்தால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். எல்லா நடுக்கமும் பார்க்கின்சன் இல்லை. தைராய்டு கோளாறு, சில மருந்துகளாலும் கை நடுங்கலாம். பூனைக்காலிப் பொடியை நீங்களாக வாங்கிச் சாப்பிடுவதும் ஆபத்து. அதில் இருப்பதும் மருந்துதான், அளவு முக்கியம்.

வெல்டிங் வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. வெல்டிங் புகையில் உள்ள மாங்கனீஸ் அதிக அளவில், நீண்ட நாள் உள்ளே போனால், மூளையின் இதே ஆழப்பகுதிகளில் சேர்ந்து பார்க்கின்சன் போன்ற அறிகுறிகளை உண்டாக்கும். காற்றோட்டம் உள்ள இடம், புகை உறிஞ்சும் வசதி, சரியான மாஸ்க் மூன்றும் அவசியம்.

ஒரு கைக்கு ஒரு வேலை பழக மாதக்கணக்கில் ஆகும். அந்தப் பழக்கம் நழுவத் தொடங்கும்போது போய் நிற்க ஓர் அரசு மருத்துவமனை வார்டு இருக்க வேண்டும். 1950-ல் சென்னையில் ராமமூர்த்தி தொடங்கியது அதைத்தான்.