வீதியோரம் விடப்பட்ட விஞ்ஞானி புரூனோ டௌஷெக்

நான் படித்தது ஊடகக் கற்கை. இயற்பியல் எனக்குத் தூரம். ஆனாலும் துணிக்கை ஆர்முடுக்கிகளில் 'டௌஷெக் விளைவு' என்று ஒன்று உண்டு என அறிந்தபோது, அந்தப் பெயருக்குரிய மனிதரைத் தேடிப் படித்தேன்.

புரூனோ டௌஷெக் 1921இல் வியன்னாவில் பிறந்தார். தாய் யூதர். 1938இல் ஹிட்லரின் ஜேர்மனி ஒஸ்ரியாவை இணைத்துக்கொண்டது. தாயின் இனத்தைக் காரணம் காட்டி 1940இல் அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து விலக்கினார்கள். தன்னை யாரும் அறியாத ஹம்பேர்க் நகருக்குப் போனார். பின்னர் நோர்வேப் பொறியியலாளர் ரோல்ஃப் விடரோவுடன் சேர்ந்து, இலத்திரன்களை வேகப்படுத்தும் இயந்திரமொன்றில் வேலை செய்தார்.

போரின் இறுதி மாதங்களில், 1945இல், கெஸ்டாபோ அவரைக் கைது செய்தது. விடரோ சிறைக்குப் போய்ப் பார்த்தார். சாப்பாடும் புத்தகங்களும் கொடுத்தார். பிறகு கைதிகளைக் கீல் நகர் நோக்கி நடக்க வைத்தார்கள். காய்ச்சலோடு புத்தகப் பொதியையும் சுமந்து நடந்தவர் வழியில் விழுந்தார். காவலன் சுட்டான். காதருகே காயம். செத்துவிட்டார் என்று விட்டுப் போனார்கள். அவர் உயிர் தப்பினார். போரில் நடந்தே இடம்பெயர்ந்த நம்மில் பலருக்கு, விழுந்தவர்களை வழியில் விட்டுவந்த நினைவு இருக்கிறது. அந்தப் பக்கத்தை என்னால் வேகமாக வாசித்துக் கடக்க முடியவில்லை.

போருக்குப் பின் கோட்டிங்கன், கிளாஸ்கோ என்று படித்து, 1952இல் ரோமுக்கு வந்தார். 1960 மார்ச் 7 அன்று பிரஸ்காற்றி ஆய்வுகூடத்தில் ஒரு யோசனையை முன்வைத்தார்: இலத்திரனையும் அதன் எதிர்த்துணிக்கையான பொசித்திரனையும் ஒரே வளையத்தில் எதிரெதிராகச் சுற்றவிட்டு மோதவைக்கலாம். ஒரு வருடத்துக்குள் 'அடா' இயங்கியது. அதன் வளையத்தின் விட்டம் ஏறத்தாழ 1.3 மீற்றர்தான். கூடுதல் துணிக்கைகள் தேவைப்பட்டதால் 1962இல் அதைப் பிரான்சின் ஓர்சே நகருக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே 1963இல் சிக்கல் வந்தது. எவ்வளவு அதிகமாகத் துணிக்கைகளைச் சேர்த்தார்களோ, அவ்வளவு விரைவாக அவை தொலைந்தன. காரணத்தை டௌஷெக் கணக்கிட்டுக் கண்டார். ஒரே கற்றைக்குள் நெருங்கி ஓடும் துணிக்கைகள் தங்களுக்குள்ளேயே முட்டிக்கொள்கின்றன. பக்கவாட்டு அசைவு ஓட்டத் திசைக்கு மாறுகிறது. ஒன்றுக்குச் சக்தி கூட, மற்றதுக்குக் குறைய, இரண்டும் பாதையை விட்டு விலகுகின்றன.

காரணம் தெரிந்ததும் வழியும் தெரிந்தது. கற்றையை அகலமாக்கலாம், நீட்டலாம், சக்தியைக் கூட்டலாம். பிரஸ்காற்றியில் அடுத்துக் கட்டிய 'அடோனே' பல மடங்கு கூடிய சக்தியில் இயங்கியது. இன்றும் பல ஆர்முடுக்கிகளில் துணிக்கைக் கொத்துகளை நீட்டியும், தொலைந்ததை இடையிடையே நிரப்பியும் இந்த எல்லையைச் சமாளிக்கிறார்கள். மோதல் நடந்ததற்கான சான்றும் ஓர்சேயில் அதே அடாவில்தான் கிடைத்தது.

1978இல், 57 வயதில் டௌஷெக் காலமானார். 1989இல் ஜெனீவா அருகே 27 கிலோமீற்றர் வளையத்தில் இலத்திரனும் பொசித்திரனும் மோதத் தொடங்கியபோது அவர் இல்லை. இழப்பைக் கண்டதும் அவர் இயந்திரத்தைக் கைவிடவில்லை. எங்கே இழக்கிறோம், எப்படி இழக்கிறோம் என்று கணக்குப் பார்த்தார். அவரிடம் எனக்குப் பிடித்தது அதுதான்.