ஏ. ஜி. கிருபால் சிங்

அமிர்தசரஸ் கோவிந்த்சிங் கிருபால் சிங் (ஆகஸ்ட் 6, 1933 - ஜூலை 22, 1987) சென்னையைச் சேர்ந்த இந்தியத் துடுப்பாட்ட (கிரிக்கெட்) வீரர் ஆவார். வலக்கை மட்டையாளரும் வலக்கைச் சுழற்பந்து வீச்சாளருமான இவர், 1955 முதல் 1964 வரை இந்திய அணிக்காக 14 தேர்வுத் துடுப்பாட்டப் போட்டிகளில் (டெஸ்ட்) விளையாடினார். தாம் ஆடிய முதல் டெஸ்ட் போட்டியிலேயே ஆட்டமிழக்காமல் நூறு ஓட்டங்கள் எடுத்தார். சென்னை அணி 1954-55 பருவத்தில் ரஞ்சிக் கோப்பையை முதன்முறையாக வெல்வதற்கு முதன்மைக் காரணமாக இருந்தவரும் இவரே. இவ்விரண்டு சாதனைகளையும் இருபத்திரண்டு வயதுக்குள் நிகழ்த்தியதால் இவர்மீது மிகப்பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. அந்த எதிர்பார்ப்பின் அளவுக்கு இவருடைய பன்னாட்டு ஆட்ட வாழ்க்கை அமையவில்லை.

குடும்பம்

கிருபால் சிங்கின் தந்தை ஏ. ஜி. ராம் சிங் (1910-1999) அமிர்தசரசில் பிறந்து இளமையிலேயே சென்னைக்கு வந்தவர். இடக்கைச் சுழற்பந்து வீச்சாளரான அவர் மட்டை பிடிப்பதிலும் வல்லவர். ரஞ்சிக் கோப்பையின் வரலாற்றில் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னை, மைசூர் அணிகளிடையே நடைபெற்றது. ஒரே நாளில் முடிந்துபோன அந்த ஆட்டத்தில் ராம் சிங் 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் அவருக்கு அதிகாரபூர்வ டெஸ்ட் போட்டியில் ஆடும் வாய்ப்பு இறுதிவரை கிட்டவில்லை. இந்திய அணியில் இடம்பெறத் தகுதியிருந்தும் இடம்பெறாதவர்களின் பட்டியலை யார் எழுதினாலும் அதில் ராம் சிங்கின் பெயர் தவறாமல் வரும். பின்னாளில் அவர் சென்னையில் பெயர்பெற்ற பயிற்சியாளராக விளங்கினார்.

மகன்களுக்கும் அவரே முதல் ஆசான். கிருபாலின் தம்பி ஏ. ஜி. மில்கா சிங்கும் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். மற்றொரு சகோதரரான சத்வேந்தர் சிங் சென்னை அணிக்கு ஆடினார். தமிழ்நாட்டு வழக்கப்படி தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்தாக வரவேண்டும். ஆனால் பாட்டனாரின் ஊரையும் பெயரையும் குறிக்கும் 'ஏ. ஜி.' என்ற எழுத்துகளே இக்குடும்பத்தார் அனைவருக்கும் நிலைத்துவிட்டன. ஸ்கோர் பலகைகளிலும் நாளிதழ்களிலும் இவ்வெழுத்துகள் ஒரு குடும்பப் பெயரைப் போலவே வழங்கின.

தந்தைக்குக் கிடைக்காத இடம் மகனுக்குக் கிடைக்குமா என்ற கேள்வி, கிருபால் சென்னை அணிக்குள் நுழைந்த 1950களின் தொடக்கத்திலேயே அவரைச் சூழ்ந்திருந்தது. இவர்மீதான எதிர்பார்ப்பின் ஒரு பங்கு இவ்வாறு பிறப்பிலேயே வந்தது எனலாம்.

1954-55 ரஞ்சிக் கோப்பை

அக்காலத்தில் ரஞ்சிக் கோப்பை, தோற்ற அணி வெளியேறும் முறையில் நடத்தப்பட்டது. ஒரு பருவத்தில் ஓர் அணிக்குக் கிடைக்கும் ஆட்டங்கள் மிகச் சில. ஒரு முறை சறுக்கினால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். சென்னை அணி அதற்கு முன் 1935-36 பருவத்தில் பம்பாயிடமும், 1940-41 பருவத்தில் மகாராட்டிரத்திடமும் இறுதி ஆட்டத்தில் தோற்றிருந்தது.

பாலு அழகணன் தலைமையில் ஆடிய 1954-55 பருவத்தில் கிருபால் சிங்குக்கு வயது 21. திருவிதாங்கூர்-கொச்சி அணிக்கு எதிராக 208 ஓட்டங்கள் எடுத்தார். முதல்தரத் துடுப்பாட்டத்தில் இவருடைய மிக உயர்ந்த எண்ணிக்கை இதுவே. வங்காளத்துக்கு எதிரான அரையிறுதியில் 98, 97 என இரு இன்னிங்சுகளிலும் நூற்றை நெருங்கி ஆட்டமிழந்தார். இந்தூரில் நடந்த இறுதி ஆட்டத்தில் எதிரணி ஓல்கார். அதுவரை நான்கு முறை கோப்பையை வென்றிருந்த வலிமையான அணி அது. அந்த ஆட்டத்தில் கிருபால் 75, 91 என ஓட்டங்கள் குவித்ததோடு 7 விக்கெட்டுகளையும் கைப்பற்றினார். சென்னை 46 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்றது. அப்பருவத்தில் இவர் எடுத்த மொத்த ஓட்டங்கள் 636, விக்கெட்டுகள் 13.

இருபது ஆண்டுகள் கிட்டாத கோப்பை வந்தபோது, அதைப் பெற்றுத் தந்த ஆட்டத்தின் நடுவே நின்றவர் ஓர் இளைஞர். அதுவும் முதல் ரஞ்சி ஆட்டத்தில் பந்து வீசிய ராம் சிங்கின் மகன். சென்னை ரசிகர்கள் அவரை அடுத்து இந்திய அணியில் தேடியதில் வியப்பில்லை.

முதல் டெஸ்ட் போட்டி

அந்த வாய்ப்பு உடனே வந்தது. நியூசிலாந்து அணி முதன்முறையாக இந்தியாவுக்கு வந்தபோது, 1955 நவம்பர் 19 அன்று ஐதராபாத்தில் தொடங்கிய முதல் டெஸ்டில் கிருபால் சேர்க்கப்பட்டார். குலாம் அகமது அணித்தலைவராக இருந்தார். பாலி உம்ரிகர் 223 ஓட்டங்கள் எடுத்தார். டெஸ்ட் போட்டியில் இந்தியர் ஒருவர் எடுத்த முதல் இரட்டைச் சதம் அது. விஜய் மஞ்ச்ரேக்கர் 118 எடுத்தார். கிருபால் சிங் ஆட்டமிழக்காமல் 100 எடுத்திருந்தபோது, இந்தியா 4 விக்கெட் இழப்புக்கு 498 ஓட்டங்களுடன் ஆட்டத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

முதல் டெஸ்டிலேயே சதம் அடித்த மூன்றாவது இந்தியர் இவர். லாலா அமர்நாத் (1933), தீபக் சோதன் (1952) ஆகியோர் முன்னவர்கள். அடுத்து நடந்த பம்பாய் டெஸ்டில் கிருபால் 63 ஓட்டங்கள் எடுத்தார். இந்தியா அத்தொடரை 2-0 என்ற கணக்கில் வென்றது.

இச்சாதனையை மதிப்பிடும்போது எதிரணியையும் கருத்திற் கொள்ள வேண்டும். அன்றைய நியூசிலாந்து அதுவரை ஒரு டெஸ்டில்கூட வென்றதில்லை. அதே ஆண்டு மார்ச்சில் இங்கிலாந்துக்கு எதிராக 26 ஓட்டங்களுக்குச் சுருண்ட அணி அது. ஐதராபாத் ஆடுகளமும் மட்டையாளர்களுக்கே சாதகமாக இருந்தது. ஆனால் நாளிதழில் எண்ணிக்கையைப் படித்த ரசிகருக்கு இவை பெரிதாகத் தோன்றியிருக்காது. ரஞ்சியில் 208, டெஸ்டில் 100 என்ற இரண்டு எண்களும் ஓராண்டுக்குள் வந்தவை.

எதிர்பார்ப்பும் பின்வந்த ஆண்டுகளும்

கிருபால் சிங் டெஸ்ட் போட்டிகளில் எடுத்த மொத்த ஓட்டங்கள் 422, சராசரி 28.13. இவற்றுள் 100 ஓட்டங்கள் முதல் இன்னிங்சிலேயே வந்துவிட்டன. எஞ்சிய 13 போட்டிகளில் எடுத்தவை 322 மட்டுமே. மற்றொரு சதம் வரவில்லை. பந்து வீச்சில் பெற்ற விக்கெட்டுகள் 10.

இதற்கு ஆட்டத் திறனை மட்டும் காரணமாகச் சொல்வது பொருந்தாது. 1956 நவம்பரில் ஆஸ்திரேலியத் தொடர் முடிந்த பின், 1958 நவம்பர் இறுதி வரை இந்தியா ஒரு டெஸ்ட் கூட ஆடவில்லை. ஓர் இளம் மட்டையாளர் அனுபவம் பெற்று முதிர வேண்டிய 23 முதல் 25 வயது வரையான காலம் கிருபாலுக்கு இவ்வாறு உள்நாட்டு ஆட்டங்களிலேயே கழிந்தது. இன்று ஒரே ஆண்டில் பத்து டெஸ்ட் ஆடும் வீரரோடு அவரை ஒப்பிடும் வாசகர் இதை மறக்கலாகாது.

அணியில் இவருடைய இடமும் தெளிவாக வரையறுக்கப்படவில்லை. மட்டையாளராகவா, பந்து வீசும் சகலதுறை ஆட்டக்காரராகவா என்ற வினாவுக்குத் தேர்வாளர்கள் காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடை கண்டனர். சுழற்பந்தும் மட்டையும் ஒருங்கே அறிந்த உம்ரிகர் முன்பே அணியில் இருந்தார். பாப்பு நட்கர்ணி, சந்து போர்டே, சலீம் துரானி ஆகியோர் அடுத்தடுத்து வந்தனர். அந்த ஒரே இடத்துக்கு இத்தனை பேர் போட்டியிட்டனர்.

மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 1959 ஜனவரியில் சென்னை மாநகராட்சி விளையாட்டரங்கில் நடந்த டெஸ்டில், சொந்த ஊர் ரசிகர்கள் முன்னிலையில் 53 ஓட்டங்கள் எடுத்தார். வெசு ஹால், ராய் கில்கிறிஸ்ட் ஆகியோரின் அச்சமூட்டும் வேகப்பந்துகளை, தலைக்கவசம் இல்லாத அக்காலத்தில் எதிர்கொண்டு எடுத்த ஓட்டங்கள் இவை. கில்கிறிஸ்டின் பந்துகளை இவர் அடுத்தடுத்து எல்லைக்கு விரட்டியதால் சினமுற்ற அவர், கோட்டைத் தாண்டி வந்து வீசிய பந்து இவருடைய தலைப்பாகையைத் தட்டிவிட்டதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. மதிப்பு நோக்கினால் ஐதராபாத் சதத்தைவிட இந்த 53 குறைந்ததன்று. ஆயினும் சதத்தின் நினைவு இதை மறைத்துவிட்டது.

1959 கோடையில் இங்கிலாந்து சென்ற அணியிலும் கிருபால் இடம்பெற்றார். லார்ட்ஸ் டெஸ்டின் இரண்டாம் இன்னிங்சில் 41 ஓட்டங்கள் எடுத்தார். அத்தொடரின் ஐந்து போட்டிகளிலும் இந்தியா தோற்றது.

முதல் டெஸ்டில் சதம் அடிக்கும் இந்தியர் மறுபடி சதம் அடிப்பதில்லை என்ற ஒரு நம்பிக்கையும் இக்காலத்தில் ரசிகர்களிடையே உருவாகியது. அமர்நாத்தும் சோதனும் மீண்டும் அடிக்கவில்லை. கிருபாலுக்குப் பின் வந்த அப்பாஸ் அலி பெய்க் (1959), அனுமந்த் சிங் (1964) ஆகியோருக்கும் அதுவே நேர்ந்தது. 1969இல் கான்பூரில் தம் முதல் டெஸ்டில் 137 எடுத்த குண்டப்பா விசுவநாத் பின்னர் பல சதங்களை அடித்த பிறகே இந்நம்பிக்கை மறைந்தது.

தில்லி நிகழ்வு

1961-62 பருவத்தில் டெட் டெக்ஸ்டர் தலைமையில் இங்கிலாந்து அணி வந்தது. பம்பாயில் நடந்த முதல் டெஸ்டில் கிருபாலும் தம்பி மில்கா சிங்கும் ஒன்றாக ஆடினர். மூன்றாவது டெஸ்ட் டிசம்பரில் தில்லியில் நடைபெற்றது. அப்போது அணி தங்கியிருந்த விடுதியில் கிருபாலும் புகழ்பெற்ற சுழற்பந்து வீச்சாளர் சுபாஷ் குப்தேவும் ஒரே அறையில் இருந்தனர். அவ்வறையிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பு குறித்து விடுதியின் பெண் ஊழியர் ஒருவர் புகார் அளித்தார். பேசியவர் கிருபால் என்றும், குப்தேவுக்கு அதில் பங்கில்லை என்றும் பின்னாளில் எழுதப்பட்ட வரலாறுகள் கூறுகின்றன. எனினும் துடுப்பாட்ட வாரியம் இருவரையுமே அணியிலிருந்து நீக்கியது.

36 போட்டிகளில் 149 விக்கெட்டுகள் எடுத்திருந்த குப்தே அதன்பின் இந்தியாவுக்காக ஆடவேயில்லை. அவர் டிரினிடாடில் குடியேறினார். கிருபாலின் வரலாற்றை எழுதும்போது அனுதாபத்தோடு மட்டும் எழுத முடியாமற் செய்யும் நிகழ்வு இது. பிழை செய்யாதவர் செய்தவரைவிட மிகுதியாக இழந்தார்.

தொடரின் இறுதி டெஸ்ட் 1962 ஜனவரியில் சென்னையில் நடந்தபோது கிருபால் அணியில் இல்லை. அப்போட்டியில் மைசூரைச் சேர்ந்த இளம் சுழற்பந்து வீச்சாளர் ஈ. ஏ. எஸ். பிரசன்னா அறிமுகமானார். இந்தியா வென்று, இங்கிலாந்துக்கு எதிராக முதன்முறையாக ஒரு தொடரையும் கைப்பற்றியது.

பிற்காலம்

கிருபால் 1963-64இல் மீண்டும் இந்திய அணிக்கு அழைக்கப்பட்டு 1964 வரை ஆடினார். சென்னை அணிக்குத் தலைமையும் தாங்கினார். உள்நாட்டு ஆட்டங்களில் இவருடைய மட்டையும் பந்தும் இறுதிவரை பயன்பட்டன. முதல்தரப் போட்டிகளில் பத்துச் சதங்கள் எடுத்துள்ளார். டெஸ்ட் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவராது. சீக்கியராகப் பிறந்த இவர் திருமணத்தை ஒட்டிக் கிறித்தவ சமயத்தைத் தழுவினார். ஓய்வுக்குப் பின் இந்திய அணியின் தேர்வாளர்களுள் ஒருவராகவும் பணியாற்றினார்.

1987 ஜூலை 22 அன்று, தமது 53ஆம் வயதில் மாரடைப்பால் சென்னையில் காலமானார். தந்தை ராம் சிங் அப்போது உயிருடன் இருந்தார். அதற்கடுத்த சில மாதங்களில், 1987-88 பருவத்தில், தமிழ்நாடு அணி இரண்டாம் முறையாக ரஞ்சிக் கோப்பையை வென்றது. இந்தூர் வெற்றிக்கும் இதற்கும் இடையே 33 ஆண்டுகள்.

கிருபால் சிங்கின் மகன் அர்ஜன் கிருபால் சிங் 1988-89 ரஞ்சிப் பருவத்தில் கோவா அணிக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 302 ஓட்டங்கள் எடுத்தார். அதே இன்னிங்சில் டபிள்யூ. வி. ராமன் 313 எடுத்தார். தமிழ்நாட்டின் எண்ணிக்கை 6 விக்கெட்டுக்கு 912. அர்ஜனுக்கு அப்போது இருபது வயது நிறைந்திருக்கவில்லை. ராமன் முன்பே இந்தியாவுக்காக ஆடியிருந்தார். அர்ஜனுக்கு டெஸ்ட் போட்டியில் ஆடும் வாய்ப்பு வரவில்லை.