ஒன்றே குறியாய் நின்ற யோசேவாஸ் அடிகளார்

மனத்தை ஒருவழிப்படுத்தல் எக்காலத்தும் அரிய செயலேயாம். இக்காலத்திலோ அஃது அரியவற்றுள்ளும் அரியதாயிற்று. செபமாலையைக் கையிலெடுத்தவர், பத்து மணிகளை உருட்டி முடிக்குமுன் மற்றைக் கையிலுள்ள தொலைபேசியை இருமுறை நோக்குகின்றார். பூசை நடைபெறும் வேளையிலும் உள்ளம் கோயிலின் புறத்தே உலாவுகின்றது. இதனைக் காட்டி இளைஞரைக் கடிந்துரைப்பது எளிது. ஆயின், சிதறல் கருவியினால் மட்டும் விளைவதன்று. அக்கருவி தோன்றுதற்கு முந்நூறாண்டுகளின் முன்னரும் மனத்தைப் பற்பல திசைகளில் ஈர்க்கும் பொருள்கள் இருந்தன. அவற்றுட் பல தீயனவும் அல்ல. புகழ், பதவி, அரசரின் நட்பு, உயிர்ப் பாதுகாப்பு என்பன யாவரும் நல்லன என்று கொள்பவையே. இவற்றினிடையே ஒன்றையே குறியாகக் கொண்டு இறுதிவரை வழுவாது நின்றவர் யோசேவாஸ் அடிகளார். அவர் வரலாறு இன்று நாம் ஓதி உணர்தற்குரியது.

அடிகளார் 1651 ஆம் ஆண்டு ஏப்பிரல் 21 ஆம் நாள் கோவாவிலுள்ள பெனாவ்லிம் என்னும் ஊரிலே பிறந்தார். கொங்கணி பேசும் கத்தோலிக்க அந்தணர் குடும்பம் அவருடையது. போர்த்துக்கேயமும் இலத்தீனும் கற்று, 1676 இல் குருப்பட்டம் பெற்றார். மறுவருடம் ஆகத்து 5 ஆம் நாள், தம்மைத் தேவமாதாவுக்கு என்றென்றும் அடிமையாக ஓர் ஓலையெழுதிக் கைச்சாத்திட்டார். தமிழ் கற்றோர்க்கு இச்செய்தி சுந்தரமூர்த்தி நாயனாரை நினைவூட்டும். ஆண்டு, மணப்பந்தரிலே இறைவன் அடிமையோலை காட்டி ஆட்கொண்டான். ஈண்டு, அடியவர் தாமே ஓலையெழுதித் தம்மை ஒப்புவித்தார். பின்னைய முப்பத்துமூன்று ஆண்டு வாழ்வும் இவ்வோலைக்கு உரையென்னலாம்.

அக்காலத்தில் ஈழத்துக் கத்தோலிக்கர் பெருந்துயருற்றிருந்தனர். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினர், கோயில்களைத் தமதாக்கினர், குருமாருக்குப் புகலிடம் அளிப்போர்க்குக் கொடுந்தண்டனை விதித்தனர். மாந்தைப் பகுதிக் கத்தோலிக்கர் தம் மாதா சொரூபத்தைச் சுமந்துகொண்டு மடுக்காட்டிற் புகலடைந்ததும் அக்காலத்தேதான். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவோ, சாவார்க்கு இறுதி அருட்சாதனம் வழங்கவோ குருவானவர் இல்லாத நிலை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்தது.

இச்செய்தி கோவாவிலிருந்த அடிகளாரின் உள்ளத்தைத் தைத்தது. ஈழத்துக்கு விடைதருமாறு வேண்டினார். மேலோர் 1681 இல் அவரைக் கன்னட நாட்டுக்கு அனுப்பினர். அங்கே அதிகாரம் யாருக்குரியதென்று குருமாரிடையே பூசல் இருந்தது. அடிகளார் பூசலைப் பெருக்காது, எளியோர்க்குப் பணிசெய்து, 1684 இல் மீண்டார். அடுத்த ஆண்டு, கோவாவில் அந்நாட்டுக் குருமார் அமைத்த ஓரத்தோரியன் சபையிற் சேர்ந்து அதன் தலைவருமானார். பிரசங்கத்தில் வல்லவரென்ற பேரும், சபைத் தலைமையும், சுற்றத்தின் அணிமையும் ஒருங்கே வாய்த்த காலம் அது. பிறராயின் அங்கேயே தங்கியிருப்பர். தங்குதல் தவறென்றும் யாரும் சொல்லியிரார். அடிகளாரோ தலைமையைத் துறந்து 1686 இல் ஈழம் நோக்கிப் புறப்பட்டார். பூசைக்கு வேண்டிய பொருள்களும் யோவான் என்னும் இளைஞனுமே அவர் உடன்கொண்டவை.

தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்து, 1687 இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். வந்தவுடனே வயிற்றுளைச்சல் கண்டு சாகும் நிலையிற் கிடந்தார். இரக்கமுள்ள பெண்ணொருத்தி கொடுத்த கஞ்சியே அவர் உயிரைக் காத்தது என்பர். தேறியபின், கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாய்ப் பிச்சை ஏற்றார். அம்மாலையைக் கண்டு யார் முகம் மாறுகின்றதென நோக்கி, மறைந்துறையும் கத்தோலிக்கரை அறிந்துகொள்வதே அவர் உபாயம். தம்மைக் காட்டிக்கொடுக்கக்கூடிய அடையாளத்தையே அவர் கழுத்தில் அணிந்திருந்தார் என்பது நினைக்கத்தக்கது. நாளடைவிற் சில்லாலை அவருக்கு உறைவிடமாயிற்று. பகலில் மறைந்திருந்து, இரவிலே பூசை செய்து, பாவசங்கீர்த்தனம் கேட்டு, விடியுமுன் வேற்றிடம் பெயர்வார். ஒல்லாந்த அதிகாரிகள் 1689 ஆம் ஆண்டு நத்தார்க் காலத்திலே சோதனை நடத்திக் கத்தோலிக்கரைச் சிறைப்பிடித்தனர். அடிகளார் அவர்கள் கைக்கு அகப்பட்டிலர்.

1690 இல் கண்டியரசனுக்குட்பட்ட புத்தளத்தை அடைந்து, அங்கே பணியாற்றினார். 1692 இற் கண்டி நோக்கிச் சென்றார். அரசவையிலிருந்த பிரெஞ்சு நாட்டுக் கல்வின் மதத்தினரான லானரோல் என்பவர், இவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் எனக் கோள் மூட்டவே, சிறைப்பட்டார். சிறையிலும் அவர் மனம் கலங்கிற்றில்லை. கிடைத்த ஓய்வைச் சிங்களம் கற்பதிற் செலவிட்டார். சிறையகத்தையே கோயிலாக்கினார். ஒற்றராயின் ஓடவன்றோ முயல்வார், இவரோ செபித்துக்கொண்டேயிருக்கின்றார். இதனைக் கண்ட இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் ஐயம் நீங்கிப் படிப்படியே கட்டுகளைத் தளர்த்தினான். வறட்சியுற்றபோது அடிகளார் வேண்ட மழை பொழிந்ததென்றும், அதனால் மன்னன் மதிப்பு மிகுந்ததென்றும் வரலாறு எழுதினோர் கூறுவர்.

1697 இல் கண்டியை அம்மைநோய் பற்றியது. மன்னனும் பிரதானிகளும் நகரை நீங்கினர். நோயுற்றோரை உற்றாரே காட்டிற் கொண்டுபோய் விட்டனர். அடிகளார் அவ்வாண்டு கோவாவிலிருந்து வந்து சேர்ந்த தம் உறவினரான யோசேப்பு கார்வாலியோ சுவாமியாரையும் துணைக்கொண்டு, கைவிடப்பட்டோர்க்குக் குடிசை அமைத்தார், உணவூட்டினார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கஞ்செய்தார். பௌத்தர், கத்தோலிக்கர் என்று அவர் வேறுபாடு நோக்கவில்லை. ஈண்டு ஓர் ஐயம் எழலாம். பூசையும் செபமுமே குறியாகக் கொண்டவர் நோயாளரிடத்து நாளெல்லாம் செலவிட்டது அக்குறியினின்றும் விலகியதாகாதோ? ஆகாது. அவர் கண்ணிலே பலிபீடத்து ஆண்டவரும் பாயிற்கிடந்த நோயாளியும் வேறல்லர். ஒருமுகப்பட்ட மனம் குறுகிய மனமன்று. குறி ஒன்றாயிருந்தமையின், அதற்குரிய பணி யாது, அயலான பணி யாது என்பதை அவர் எளிதிற் பிரித்தறிந்தார்.

இதற்கு மற்றொரு சான்றும் உண்டு. பாப்பரசரின் தூதராய்க் கீழைத் தேசங்களுக்கு வந்த தூர்னோன் என்பவர், அடிகளாரின் அரும்பணியைக் கேள்வியுற்று, அவரை ஆயராக்க விழைந்தார். அடிகளார் அதனை ஏற்றிலர். சிறையையும் நோயையும் வென்றவர் பலர், பெருமை தேடிவருங்காற் சறுக்கி வீழ்வர். துன்பம் மனத்தைக் குவிக்கும். புகழோ அறியாமலே விரிக்கும். அடிகளார் இரண்டிடத்தும் ஒருபடித்தாகவே நின்றார்.

அவர் பணி தமிழுக்கும் பயன் தந்தது. 1705 இல் அவருக்குத் துணையாக வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் தமிழையும் சிங்களத்தையும் ஐயந்திரிபறக் கற்று, இருமொழியிலும் நூல்கள் இயற்றினார். தேவ அருள்வேத புராணம் முதலிய அவர் உரைநடை நூல்கள், வீரமாமுனிவர் தமிழகத்தில் எழுதிவந்த காலத்திலேயே ஈழத்திற் பிறந்தவை. குருமாரின்றி வாடிய மக்களுக்கு நூலே ஆசானாயிற்று.

அடிகளார் 1711 ஆம் ஆண்டு சனவரி 16 ஆம் நாள் கண்டியிலே உயிர்நீத்தார். ஈழத்துக்கு வந்தபின் கோவாவுக்கு அவர் ஒருமுறையேனும் மீண்டிலர். 1995 இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டமளித்தார். 2015 சனவரி 14 இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக் காலிமுகத்திடலில் அவரைப் புனிதரென அறிவித்து, அன்றே மடுவுக்கும் வந்து சென்றார்.

வன்னி மக்களாகிய எமக்கு இவ்வரலாறு அயலதன்று. 2008 ஆம் ஆண்டு மடுமாதாவின் திருச்சொரூபம் போருக்கு அஞ்சித் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டதை அறிவோம். அக்கராயனிலிருந்தும் அயலூர்களிலிருந்தும் அக்காலத்தே புறப்பட்ட குடும்பங்கள், எதனை எடுப்பது, எதனை விடுவது என்று வாசலில் நின்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. இருப்பவற்றுள் முதன்மையானது எது என்பது அன்று ஒரு நொடியில் விளங்கிற்று. செபமாலையை மடியிற் செருகிக்கொண்டு நடந்தோர் பலர். இன்று வீடுகள் எழுந்துள்ளன. குளத்து நீர் வயலுக்குப் பாய்கின்றது. மின்னொளியும் தொலைபேசியும் வந்துள்ளன. இவை வேண்டத்தக்க நன்மைகளே. ஆயின் அன்று விளங்கிய முதன்மை, இன்று இவ்வசதிகளினிடையே மங்கிப்போகாமற் காத்தல் வேண்டும்.

அதற்கு யோசேவாஸ் அடிகளார் கைக்கொண்ட நெறி கடினமன்று. தாம் யாருக்கு அடிமை என்பதை ஒருமுறை எழுதி முடித்தார். பின்னர் எது வந்தபோதும், அது தம் ஆண்டவருக்குப் பணிசெய்ய உதவுமா என்று மட்டும் வினவினார். உதவுவதை ஏற்றார், உதவாததை, அது எத்துணைச் சிறந்ததாயினும், விட்டார். மாணவரும் ஆசிரியரும் நாள்தோறும் ஒரு நாழிகையேனும் தொலைபேசியை ஒதுக்கி வைத்து, இவ்வினாவைத் தம் உள்ளத்தை நோக்கி வினவிப் பழகுவாராக.