நதியில் காகிதம் போட்ட விஞ்ஞானி



எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே தண்ணீரில் இறங்கி இறால் பிடிப்பவர்களின் கால்களில் அனல் மின் நிலையச் சாம்பல் சேறாக ஒட்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கச்சா எண்ணெயும் பரவியது. எண்ணெய் கண்ணுக்குத் தெரியும். ஆனால், நீரில் பாதரசம் கரைந்திருந்தால் தெரியுமா? தெரியாது. அதைக் கண்டறியும் ஒரு சிறு கருவிக்கு வித்திட்டவர் மைக்கேல் ஃபாரடே.

அவர் 1791 செப்டம்பர் 22 அன்று லண்டன் அருகே பிறந்தார். தந்தை கொல்லர், வீட்டில் வறுமை. எழுத, படிக்க, கணக்குப் போட மட்டுமே பள்ளியில் கற்றார். 14 வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் சேர்ந்தார். பைண்டு செய்ய வந்த புத்தகங்களைப் படித்துப் படித்தே அறிவியலில் ஆர்வம் கொண்டார். 1812-இல் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, அழகாக பைண்டு செய்து அவருக்கே அனுப்பினார். மறு ஆண்டே ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது!

உலோக உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் உலோகம் படியும். மின்சாரம் இரண்டு மடங்கானால் படியும் உலோகமும் இரண்டு மடங்காகும். இந்த விதியைக் கண்டவர் ஃபாரடே. மின்வாயைக் குறிக்கும் 'எலெக்ட்ரோடு' என்ற சொல்லை 1834-இல் வழங்கியவரும் அவரே.

1855 ஜூலையில் அவர் தேம்ஸ் நதியில் படகில் சென்றார். நீர் பழுப்பாக நாறியது. வெள்ளை அட்டைத் துண்டுகளை நனைத்து நீரில் போட்டார். அவை ஓர் அங்குலம் மூழ்கும் முன்பே மறைந்துவிட்டன! உடனே பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். 1858 கோடையில் நாற்றம் நகரையே திணறடித்தது. அதன் பிறகே பெரிய கழிவுநீர்க் கால்வாய்கள் கட்டப்பட்டன.

அடுத்து தங்கத்தை ஆராய்ந்தார். தங்க உப்புக் கரைசலில் பாஸ்பரஸைச் சேர்த்தார். திரவம் மாணிக்கச் சிவப்பாக மாறியது! தங்கம் மிக நுண்ணிய துகள்களாகப் பிரிந்து மிதப்பதே காரணம் என்று 1857-இல் விளக்கினார். அவற்றை இன்று நானோ துகள்கள் என்கிறோம். நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் 100 கோடியில் ஒரு பங்கு.

இப்போது கருவிக்கு வருவோம். தங்க உப்புக் கரைசலில் கார்பன் மின்வாயை வைத்துச் சிறிது மின்சாரம் செலுத்தினால், அதன்மேல் தங்க நானோ துகள்கள் படியும். உடைந்த தெர்மாமீட்டரின் பாதரசம் தங்க மோதிரத்தில் பட்டால் மோதிரம் வெளுத்துவிடும் அல்லவா? பாதரசத்துக்குத் தங்கத்தோடு அவ்வளவு ஒட்டுதல்! சோதிக்க வேண்டிய நீரில் இந்த மின்வாயை வைத்து மின்சாரம் செலுத்தினால், நீரில் உள்ள பாதரசம் தங்கத்தில் படியும். மின்சாரத்தைத் திருப்பினால் கழன்றுவிடும். அப்போது பாயும் மின்சாரத்தை அளந்தால், பாதரசம் எவ்வளவு என்று ஃபாரடேயின் விதியே சொல்லிவிடும்! நம் காரைக்குடியிலும் மின்வேதியியலுக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்குகிறது.

பெரிய பதவிகள் தேடி வந்தும் ஃபாரடே ஏற்கவில்லை. 1867 ஆகஸ்ட் 25 அன்று மறைந்தார்.

குழந்தைகளே, தன் ஊர் நதி கெட்டதைப் பார்த்து அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடவில்லை. சோதித்துப் பார்த்தார், ஊருக்குச் சொன்னார். நம் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் அப்படிப்பட்ட பிள்ளைகள் தேவை. அது நீங்களாக இருக்கலாமே!